காரில் சிக்கியதை இழுக்காதீர்கள்! முதலில் மூன்று கேள்விகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள். திரையில் எதுவும் நகரவில்லை என்றால் மவுஸை ஓங்கி ஓங்கி அழுத்துவதால் பயன் இல்லை. கேபிள் சரியாகச் செருகி இருக்கிறதா, ஏதாவது புரோகிராம் ஹேங்க் ஆகி நிற்கிறதா, மவுஸின் அடியில் தூசி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சாப்ட்வேர் எழுதும் எங்களுக்கும் தினமும் இதே வேலைதான்.

இந்தப் பழக்கத்தை அப்படியே காருக்குள் கொண்டு போனால் என்ன? நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் திண்டுக்கல். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கம்ப்யூட்டர் சந்தேகங்களுடன் இப்போது கார் சந்தேகங்களும் வரிசையில் நிற்கின்றன. "தம்பி, பின் கதவு உள்ளே இருந்து திறக்க மாட்டேங்குது", "கண்ணாடி பாதியிலேயே நிக்குது", "பெல்ட் இழுத்தா வரமாட்டேங்குது" என்று கேட்பார்கள். இவற்றில் பாதிக்கு மேல் ஸ்பேனரே தேவைப்படாத சங்கதிகள். ஆனால் அவசரப்பட்டு இழுத்தால் இருபது ரூபாய் வேலை இரண்டாயிரம் ரூபாய் வேலையாகிவிடும். சீட் பெல்ட் போன்ற பாகங்களில் உயிருக்கே ஆபத்து.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய கார் என்பதே சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நெட்வொர்க்தான். கதவு, கண்ணாடி, விளக்கு, ஏர்பேக் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதற்காக பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையே இன்றும் பெரும்பாலான கார்களில் உள்ளது. எனவே காரில் ஒரு பாகம் அசையவில்லை என்றால் அது இரும்பின் பிரச்னையாகவும் இருக்கலாம், உத்தரவின் பிரச்னையாகவும் இருக்கலாம்.

மூன்று கேள்விகள்

எந்தப் பாகம் சிக்கினாலும் இந்த வரிசையில் கேளுங்கள்.

1. இதை யாராவது, அல்லது காரே, வேண்டுமென்று பூட்டி வைத்திருக்கிறதா?
2. அழுக்கு, தூசி, ஒட்டும் பொருள் எதுவும் பிடித்திருக்கிறதா?
3. உள்ளே ஏதாவது உடைந்தோ தேய்ந்தோ போயிருக்கிறதா?

முதல் கேள்விக்குச் செலவு இல்லை. இரண்டாவதற்குத் துணியும் சோப்பும் போதும். மூன்றாவது கேள்விக்கு வந்த பிறகே மெக்கானிக் தேவை. கம்ப்யூட்டரிலும் செட்டிங், தூசி, ஹார்ட்வேர் என்ற வரிசையில்தானே போகிறோம்?

பழுது இல்லை, பூட்டு!

பார்வைக்குப் பழுது போலத் தெரிந்தாலும் உண்மையில் பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டிருக்கும் பாகங்கள் பல.

பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லையா? வெளியிலிருந்து கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். கதவு மூடும்போது மறைந்துவிடும் பகுதியில் ஒரு சிறிய லீவரோ, சாவி நுழையும் திருகோ இருக்கும். அதுதான் சைல்டு லாக். காரைக் கழுவும்போது கைபட்டு மாறிவிடுவது உண்டு. அதை மறுபக்கம் தள்ளினால் கதவு திறக்கும்.

பயணிகள் பக்கக் கண்ணாடிகள் இறங்கவில்லையா? டிரைவர் கதவில் உள்ள சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி லாக் பட்டன் இருக்கும். அது அழுத்தியபடி இருந்தால் மற்ற கதவுகளின் சுவிட்சுகள் வேலை செய்யாது. குழந்தை கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு நின்றுவிட்டதா? மோட்டார் சூடேறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. சில நிமிடங்கள் விட்டுவிட்டு மீண்டும் முயலுங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு, ஒரே தொடுதலில் மேலே ஏறும் கண்ணாடி பாதியில் நிற்கிறதா? கண்ணாடி எந்த இடத்தில் முடிகிறது என்ற நினைவைக் காரின் கம்ப்யூட்டர் இழந்துவிட்டது. பல மாடல்களில் கண்ணாடியை முழுவதும் இறக்கி, பிறகு முழுவதும் ஏற்றி, சுவிட்சை விடாமல் சில விநாடிகள் பிடித்திருந்தால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். சரியான முறை உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

சாவி திரும்ப மறுக்கிறதா? வண்டியை நிறுத்தியபின் ஸ்டீயரிங்கை அசைத்தால் அதன் பூட்டு விழுந்துவிடும். அப்போது பூட்டின் மேல் ஸ்டீயரிங் அழுத்திக்கொண்டிருப்பதால் சாவி நகராது. பலம் போட்டுத் திருகினால் சாவிதான் உடையும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்புங்கள். திரும்பிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் பி என்ற நிலையிலிருந்து லீவர் நகரவில்லை என்றால் பிரேக்கை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லையா? பல ரிமோட்டுகளில் உள்ள பேட்டரி சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இதே பேட்டரிதான். பழைய பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கையில் கிடைக்கும்படி போடாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்ம ஊர் தூசி, பழனி பஞ்சாமிர்தம்

முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அழுக்கைத் தேடுங்கள். திண்டுக்கல் சமவெளியில் கோடைக் காற்று கிளப்பும் செம்மண் தூசி, கண்ணாடி மூடிய காருக்குள்ளும் மெல்லியதாகப் படியும். வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்ப்பவர்களின் கார் என்றால் பஞ்சுத் துகளும் சேரும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வரும் வண்டி என்றால் வெங்காயச் சருகு கூட சீட் தண்டவாளத்தில் கிடக்கும்.

எல்லாவற்றையும் விடச் சிரமம் கொடுப்பது இனிப்பு. பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஞ்சாமிர்த டப்பா சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கப் வைக்கும் இடம், பெல்ட் பக்கிள், ஜன்னல் சுவிட்ச் என்று எதில் இறங்கினாலும் காய்ந்தபின் பசை போலப் பிடித்துக்கொள்ளும். இதை எடுக்க அதன் சேர்மானத்தை யோசித்தால் போதும். சர்க்கரை, கற்கண்டு, தேன் ஆகியவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும். நெய் தண்ணீரில் கரையாது. அதற்குச் சோப்பு வேண்டும். ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு ஒற்றி எடுங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். மூடிய காருக்குள் அவற்றின் ஆவி தீப்பிடிக்கவும் செய்யும்.

இனிப்பு சுவிட்சுக்குள் இறங்கியிருந்தால் தண்ணீர் கூடாது. இக்னிஷனை அணைத்துவிட்டு, காட்டன் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பட்டனின் ஓரங்களைத் துடையுங்கள். கதவுகள் திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. முழுவதும் காய்ந்தபின் சுவிட்சைப் போடுங்கள். டீ கொட்டிய கீபோர்டுக்கும் இதே வைத்தியம்தான்: முதலில் கேபிளைப் பிடுங்குவது, பிறகு கவிழ்ப்பது, பிறகு துடைப்பது, காய்ந்தபின் இணைப்பது. டச் ஸ்கிரீனுக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம். லேசாக ஈரம் செய்த மென்மையான துணி போதும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

திண்டுக்கல்காரனாக இருந்துகொண்டு பூட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. நம் பூட்டின் உள்ளே வரிசையாக லீவர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நடுவில் உள்ள தாழ்ப்பாள் நகர வழி கிடைக்கும். ஒரு லீவர் தலைமுடி அளவு ஏறாவிட்டாலும் திறக்காது. கார் கதவின் பூட்டிலும் டேஷ்போர்டு பெட்டியின் பூட்டிலும் லீவருக்குப் பதில் மெல்லிய தகடுகள் இருக்கின்றன. தத்துவம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாகல் நகரில் பூட்டு வேலை செய்யும் ஒரு பெரியவரிடம், "ஐயா, இறுகின பூட்டுக்கு எண்ணெய் விடலாமா?" என்று கேட்டேன். "தம்பி, விட்ட அன்னைக்கு நல்லா இருக்கும். ஆறு மாசம் கழிச்சு எங்கிட்டதான் வரும்" என்று சிரித்தார். காரணம் எளிது. எண்ணெய் தூசியை இழுத்துப் பிடிக்கும். இரண்டும் குழைந்து சாந்தாகி லீவர்களுக்கு இடையே அடைத்துவிடும். ஸ்பிரிங் தள்ளினாலும் லீவர் இறங்காது.

தேங்காய் எண்ணெயில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். திண்டுக்கல் வெயிலில் தண்ணீர் போல ஓடும் அதே எண்ணெய், கொடைக்கானலில் ஒரு இரவு நிறுத்தி வைத்த காரின் பூட்டுக்குள் வெண்ணெய் போல நிற்கும். சமவெளியில் நன்றாகத் திரும்பிய சாவி மலையில் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின் எதைப் பயன்படுத்துவது?

கிராபைட் தூள்: சாவித் துவாரத்துக்கு ஏற்றது. இது உலர்ந்த தூள் என்பதால் தூசியைப் பிடிக்காது. கிடைக்கவில்லை என்றால் மிருதுவான பென்சிலால் சாவியின் பற்களில் தேய்த்து, பூட்டுக்குள் பலமுறை விட்டு எடுங்கள். பென்சில் முனையில் இருப்பதும் கிராபைட்தான். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் தூளைப் போடாதீர்கள். சாந்து இன்னும் கெட்டியாகும். கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். எனவே சுவிட்ச், யு.எஸ்.பி. துளை, கீபோர்டு பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது.

சிலிக்கான் ஸ்பிரே: கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்துக்கு இதுதான். முதலில் ஈரத்துணியால் பள்ளத்தில் உள்ள மண்ணை எடுங்கள். பிறகு ஸ்பிரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் ரப்பரைத் துடையுங்கள். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை உப்பச் செய்யும். சிலிக்கான் வழுக்கும் என்பதால் பெடல், ஸ்டீயரிங், முன் கண்ணாடி ஆகியவற்றில் படக்கூடாது.

டபிள்யூ.டி.-40: அமெரிக்காவின் சான் டியகோவில் 1953ல் தண்ணீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. 40வது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால்தான் பெயரில் அந்த எண். துருப்பிடித்து இறுகியதை இளக்க நல்லது. நெடுநாள் வழவழப்புக்கு ஏற்றதல்ல. எனவே இளகியபின் துடைத்துவிட்டு, அந்தப் பாகத்துக்கு உரிய மசகைப் போட வேண்டும்.

சீட் பெல்ட்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

டேஷ்போர்டு பெட்டி திறக்கவில்லை என்றால் எரிச்சல்தான் வரும். சீட் பெல்ட் வேலை செய்யவில்லை என்றால் ஆள் வெளியே தூக்கி எறியப்படலாம். ஆகவே இதை விரிவாகப் பார்ப்போம்.

பெல்ட் சுருளுக்குள் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் ஒன்று பூட்டும். வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ அதிகமாகச் சாய்ந்தாலோ மற்றொன்று பூட்டும். எனவே பெல்ட் வரவில்லை என்றால் மேலும் பலமாக இழுக்காதீர்கள். சிறிது உள்ளே போக விட்டுவிட்டு, ஒரே சீராக, மெதுவாக இழுங்கள். மிகச் சரிவான இடத்தில் வண்டி நின்றிருந்தால் சமமான இடத்துக்கு நகர்த்திவிட்டுப் பாருங்கள்.

இழுத்த பெல்ட் திரும்ப உள்ளே போகச் சோம்புகிறதா? வியர்வையும் தூசியும் துணியில் ஏறியிருக்கும். தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வரும் வளையத்திலும் அழுக்கு படிந்திருக்கும். சுத்தம் செய்யும் முறை இதோ.

1. பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே போகாதபடி சுருளுக்கு அருகில் ஒரு கிளிப் போடுங்கள். துணி காயப்போடும் கிளிப் போதும்.
2. வெதுவெதுப்பான தண்ணீரில் மிருதுவான சோப்பு கலந்து, துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர், சாயம், பெட்ரோல் எதுவும் கூடாது. நூலின் பலம் போய்விடும்.
3. மேல் வளையத்தின் உட்பக்கத்தையும் துடையுங்கள்.
4. நிழலில் முழுவதும் காய விடுங்கள். ஈரத்தோடு சுருளுக்குள் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.
5. கிளிப்பை எடுத்து மெதுவாக உள்ளே விடுங்கள்.

துடைக்கும்போதே பெல்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ வெட்டு இருந்தாலோ தைக்கக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து பக்கிள். நாக்கைச் செருகினால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாமல் பெல்ட்டைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வரக்கூடாது. சிவப்பு பட்டனை அழுத்தினால் நாக்கு தானே துள்ளி வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே நாணயமோ, கடலை மிட்டாய்த் துண்டோ கிடக்கலாம். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒர்க் ஷாப்பில் பக்கிளை மாற்றுங்கள். அதுவரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பக்கிளுக்குள் எண்ணெய் விடவே கூடாது.

பெல்ட் சிக்குகிறது என்பதற்காகச் சிலர் அலாரத்தை நிறுத்தும் போலி கிளிப்பை வாங்கிச் செருகிவிடுகிறார்கள். எரர் மெசேஜ் வரும் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரை அணைப்பது போன்ற வேலை இது. 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த கிளிப்புகளை விற்பனைத் தளங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. உங்கள் காரில் இருந்தால் இன்றே எடுத்து எறியுங்கள். பின் இருக்கையில் அமர்பவர்களுக்கும் பெல்ட் தேவை. சீட் கவர் போடும்போது பின் பக்கிள்கள் அடியில் புதைந்துவிடும். தேடி எடுத்து மேலே வையுங்கள்.

மின்சாரம் உள்ள துளைகள்

போன் சார்ஜ் செய்யும் யு.எஸ்.பி. துளையில் ஒயர் இறுக்கமாக நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே பஞ்சுத் துகள் அடைத்திருக்கும். வண்டியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். குண்டூசி, ஹேர்பின் வேண்டாம். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டுக்கும் இதே விதி. அங்கு பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

12 வோல்ட் சாக்கெட் இன்னும் கவனிக்க வேண்டியது. பக்கத்தில் வைத்த நாணயம் அதற்குள் விழுந்தால் ஷார்ட் ஆகி பியூஸ் போய்விடும். இக்னிஷனை அணைத்தபின்னும் சில கார்களில் இந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். ஆகவே பியூஸைக் கழற்றிவிட்டு நாணயத்தை எடுங்கள். பியூஸ் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். எந்தப் பியூஸ் எதற்கு என்ற பட்டியல் கையேட்டிலோ மூடியிலோ அச்சிட்டிருக்கும். நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு போனால் சிவப்பையே போட வேண்டும். பச்சையைப் போட்டாலோ செப்புக் கம்பியைச் சுற்றினாலோ பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

பெட்டி, இருக்கை, மேட்

டேஷ்போர்டு பெட்டி திறக்கவில்லை என்றால், அதிகம் திணித்த காகிதங்கள் உள்ளிருந்து தாழ்ப்பாளை அழுத்துவது வழக்கமான காரணம். ஒரு கையால் மூடியை உள்நோக்கி அழுத்திக்கொண்டு மறு கையால் பிடியை இழுங்கள். திறந்ததும் பாதியைக் காலி செய்யுங்கள். பல கார்களில் இதற்குப் பின்னால்தான் ஏ.சி. பில்டர் இருக்கிறது. பெட்டி வெளியே இருக்கும்போதே அதையும் தட்டிப் பாருங்கள். வெயிலில் பல வருடம் காய்ந்த பிளாஸ்டிக் கொக்கிகள் அப்பளம் போல உடையும் என்பதால், ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம்.

இருக்கை முன்னும் பின்னும் நகரவில்லை என்றால் டார்ச் அடித்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். பேனா, நாணயம், பொம்மை ஏதாவது குறுக்கே கிடக்கும். நீண்ட இடுக்கியால் எடுங்கள். இருக்கையின் அடியில் தொங்கும் ஒயர்களை இழுக்காதீர்கள்.

இதோடு தரையையும் பாருங்கள். டிரைவர் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் பிரேக் அழுந்தாது. நகர்ந்துபோன மேட் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளலாம். 2009ல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க இதுவே ஒரு காரணம். உங்கள் காருக்கு உரிய அளவு மேட்டை, தரையில் உள்ள கொக்கியில் மாட்டிப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் வேண்டாம்.

சி.டி. சிக்கினால், திரை நின்றால்

பழைய கார்களில் சி.டி. உள்ளேயே மாட்டிக்கொண்டால், அதைத் தள்ளிவிட இன்னொரு சி.டி.யைச் செருகாதீர்கள். எஜெக்ட் பட்டனைச் சில விநாடிகள் பிடித்துப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய சி.டி. என்றால் வெயிலில் பசை இளகி உள்ளே ஒட்டியிருக்கும். செட்டைக் கழற்றி எடுப்பதே வழி. கம்ப்யூட்டரின் சி.டி. டிரைவ் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முன்பக்கம் ஒரு ஊசித்துளை இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்தினால் டிரே வெளியே வரும்.

புதிய கார்களின் டச் ஸ்கிரீன் உறைந்து நின்றால், அதுவும் ஒரு கம்ப்யூட்டரே. பல மாடல்களில் பவர் பட்டனை விடாமல் பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். இதை வண்டியை ஓரமாக நிறுத்தியபின் மட்டும் செய்யுங்கள்.

இங்கே கை வைக்காதீர்கள்

கம்ப்யூட்டரில் எதைத் தொட்டாலும் பவர் சப்ளை பெட்டியைப் பிரிக்காதீர்கள் என்று சொல்வோம் அல்லவா? காரில் அப்படிப்பட்ட இடம் மஞ்சள் நிற ஒயர், மஞ்சள் நிற கனெக்டர். அவை ஏர்பேகுக்கும், விபத்தில் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் போகின்றன. அவற்றுக்குள் சிறிய வெடிமருந்து உண்டு. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்பதால், ஸ்டீயரிங் நடுமூடியை யாரும் வீட்டில் கழற்றக் கூடாது. பெல்ட் சுருளையும் பக்கிளையும் பிரிக்கக் கூடாது. ஹாரன் பட்டன் சிக்கினால்கூட ஒர்க் ஷாப்பிலேயே பாருங்கள்.

குழந்தை உள்ளே பூட்டிக்கொண்டால்

இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய முக்கியமான பகுதி இது. கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் நின்றால் சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறத் தொடங்கும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். சாவி உள்ளே, குழந்தை உள்ளே, கதவு திறக்கவில்லை என்றால் மூன்று கேள்விகளுக்கு நேரம் கிடையாது.

உடனே 112க்கு அழையுங்கள். வீட்டில் மாற்றுச் சாவி இருந்தால் ஒருவரை அனுப்புங்கள். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்ததுதான் பிரச்னை என்றால் அதற்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை எடுத்து டிரைவர் கதவின் துவாரத்தில் திறக்கலாம். சாவி வரத் தாமதமாகும், குழந்தை துவண்டு தெரிகிறது என்றால், குழந்தைக்கு மிகத் தொலைவில் உள்ள பக்கக் கண்ணாடியை உடையுங்கள். கண்ணாடியின் நடுவில் அடிப்பதைவிட மூலையில் கூரான இரும்பால் அடிப்பது நல்லது. முன் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அதை உடைத்து வழி செய்வது கடினம். கண்ணாடி விலையைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

கம்ப்யூட்டருக்கு மாதம் ஒருமுறை தூசி துடைப்பது போல, காருக்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை: வேக்குவம் கிளீனரால் சீட் தண்டவாளம், பக்கிள்கள், மேட்டின் அடி. ஐந்து பெல்ட்டுகளையும் செருகி, இழுத்து, விடுவித்துப் பார்ப்பது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: கண்ணாடி ரப்பரில் சிலிக்கான். யாரும் பயன்படுத்தாத பின் கதவுகளை உள்ளிருந்து திறந்து பார்ப்பது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: பெல்ட் கழுவுவது. சாவித் துவாரத்தில் கிராபைட். ரிமோட்டை விட்டுவிட்டு சாவியாலேயே ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்பது. வருடக்கணக்கில் திருப்பாத பூட்டு, தேவைப்படும் அன்று திரும்பாது.

இவை அனைத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். தேவையான பொருட்கள் துணி, சோப்பு, காட்டன் பட்ஸ், பல்குச்சி, பென்சில், ஒரு டின் சிலிக்கான் ஸ்பிரே. அடுத்த முறை ஏதாவது சிக்கினால் கையை எடுத்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். காரின் கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள்தான் இருக்கும். பெட்டியே திறக்காத நாளுக்காக, அதன் பி.டி.எப். பைலை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் போட்டு வையுங்கள்.